உங்களுக்குத் தெரியுமா? சோற்றுக்குள் ஒளி தேடியவர்கள்

உண்பதும் வழிபாடாகலாம் என்கிறது யூதர்களின் ஞானமரபான கபாலா. 1570 வாக்கில் கலிலேயாவின் மலைநகரான சஃபேத்துக்கு வந்த கபாலா ஞானி ஐசக் லூரியா, இரண்டே ஆண்டுகளில், 38 வயதில் மறைந்தார். அவர் எழுதியது சொற்பம். போதனைகளைப் பதிந்து வைத்தவர் சீடர் ஹயீம் விட்டால். படைப்பின் தொடக்கத்தில் இறையொளியைத் தாங்கிய கலங்கள் உடைந்தன, அவ்வொளியின் பொறிகள் கல், செடி, விலங்கு என எல்லாவற்றிலும் சிக்கின என்றார் லூரியா. ரொட்டிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, திராட்சை ரசத்துக்கு ஒன்று என யூதர்களிடம் உண்ணும் முன் சொல்லும் தனித்தனி வாழ்த்துரைகள் உண்டு. உரிய வாழ்த்துரையைச் சொல்லித் தூய எண்ணத்தோடு உண்பவர், உணவில் சிக்கிய பொறியை விடுவிக்கிறார் என்பது இம்மரபின் நம்பிக்கை. உலகத்தை வெறுக்காத இந்த ஆன்மிகம் எவ்வளவு அழகு!

மலேசியாவின் செமினியிலும் கிள்ளானிலும் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்காருகிறவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நம் வள்ளலாரும் அடுப்படியைப் போற்றியவர்தான். 1867 மே 23 அன்று வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. லூரியா உண்பவரின் மனத்தைப் பார்த்தார். வள்ளலாரின் பார்வையோ பசித்தவரின் வயிற்றில் நின்றது. அதே வள்ளலார்தான், இந்த ஊனுடம்பே ஒளியுடம்பாக மாறும் என்றும் போதித்தார். 1872இல் வடலூரில் அவர் நிறுவிய சத்திய ஞானசபையில் வழிபடப்படுவது சோதி.