வெறுமையை அளந்த கதை

அடுக்களையிற் கவிழ்த்து வைத்த செம்பை ‘வெறுஞ் செம்பு’ என்கின்றோம். உண்மையில் அது காற்றால் நிறைந்தது. அக்காற்றையும் அகற்றினால் எஞ்சும் வெறுமையை எங்ஙனம் அளப்பது? அளக்கப் புகுந்த அறிஞர் தம் கருவியாலேயே ஏமாந்த கதையை இங்கு நோக்குவோம்.

இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644ஆம் ஆண்டில் விளக்கி எழுதிய பரிசோதனையில், கவிழ்த்த குழாயினுள் இரசம் ஏறத்தாழ 760 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றது. அதன் மேலே வெற்றிடம் தோன்றியது. வளிமண்டல அமுக்கத்தின் 760இல் ஒரு பங்கு அவர் பெயரால் ‘டொர்’ எனப்படுகின்றது. 1874இல் மக்லியொட் என்னும் ஆங்கிலேயர், ஐதான வாயுவை இரசத்தால் நெருக்கிச் சிறிய இடத்தில் அடக்கி அளக்கும் முறையைக் கண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் அயனாக்கமானி வந்தது. சூடான இழையிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் வாயு மூலக்கூறுகளை மோதி அயன்களாக்கும். அவ்வயன்கள் தரும் மின்னோட்டமே அமுக்கத்தைக் காட்டும். ஆனால் எத்துணைச் சிறந்த பம்பியைப் பூட்டினாலும், டொரின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே முள் இறங்க மறுத்தது. அந்நிலையிலும் ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறக்குறைய 33 கோடி மூலக்கூறுகள் உண்டு. முப்பத்து முக்கோடி தேவரும் அங்கேதான் குடியிருந்தனர் போலும்!

பழி பம்பியினது அன்று. இலத்திரன்கள் கம்பி வலையை மோதும்போது மெல்லிய எக்ஸ் கதிர்கள் பிறந்தன. அவை அயன்களைத் திரட்டும் உருளையிற் பட்டு, அங்கிருந்து இலத்திரன்களை வெளியேற்றின. கருவியோ அதனையும் அயன்களின் வருகையென்றே கணக்கிட்டது. வெறுமை ஆழ்ந்துகொண்டிருக்க, முள் மட்டும் பொய் சொல்லிற்று.

1950இல் அமெரிக்காவில் பேயர்ட், ஆல்பேட் என்போர் கருவியை உள்வெளியாக மாற்றினர். இழையை வலைக்கு வெளியே வைத்து, பெரிய உருளைக்குப் பதிலாக மயிரிழை போன்ற கம்பியொன்றை நடுவில் நிறுத்தினர். கதிர்கள் படுதற்கு இடம் சுருங்கவே, நூறு மடங்குக்கும் மேலான வெறுமை கண்ணுக்குப் புலனாயிற்று. எத்துணை எளிய மாற்றம்!

எனினும் இவ்வகைக் கருவியை வேறொன்றோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்; நாளடைவில் அது பிறழும். இக்குறை நீங்க, அமெரிக்கத் தேசிய நியம ஆய்வகத்தார் புதுவழி தேடினர். லேசர் ஒளியாற் குளிர்வித்த இலிதியம் போன்ற அணுக்களைக் காந்தப் பொறியில் அடைக்கின்றனர். எஞ்சிய வாயு மூலக்கூறுகள் மோத, அவை ஒவ்வொன்றாய்த் தப்பிச் செல்லும். குறையும் வேகமே அமுக்கத்தின் அளவு. மோதலின் இயல்பைக் கணிதத்தாற் பெறலாமாதலின் ஒப்பீடு வேண்டியதில்லை. 2023இல் வெளியான சோதனை முடிவுகள் பழைய நியமமுறையோடு நன்கு ஒத்தன.

ஆயினும் காற்றுச் சிறிது மிகுந்த இடத்தில் இப்பொறி உதவாது; எண்ணுமுன்னரே அணுக்கள் சிதறிவிடும். அங்கே பழைய மானிகளே இன்றும் முள்ளசைத்துக்கொண்டிருக்கின்றன.