கையெழுத்துப் போட்டு வாங்கிய பெட்டிகள்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் உடலிலிருந்து தடயம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அமெரிக்காவின் மிச்சிகனில் தடயவியல் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தரையில் வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் நின்றபடி உடுப்பைக் கழற்றச் சொல்வோம். உதிரும் முடியோ நூலிழையோ தவறிவிடக் கூடாது. வாய், நகக்கண், தொடை, பிறப்புறுப்பு என்று ஒவ்வோர் இடமாகப் பஞ்சுக்குச்சியால் ஒற்றுவோம். ஒவ்வொரு தடவையும் “தொடலாமா அம்மா?” என்று கேட்டுத்தான் தொடுவோம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். குச்சிகளை உலர்த்தித்தான் உறையில் போட வேண்டும், ஈரம் மரபணுவைக் கெடுத்துவிடும். உடுப்புகள் காகிதப் பைக்குள் போவதும் அதனால்தான். கடைசியில் அட்டைப்பெட்டியை மூடி, சீல் ஒட்டி, குறுக்கே கையெழுத்திடுவோம். போலீஸ்காரரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

2009-இல் டெட்ராய்ட் போலீஸின் கிடங்கு ஒன்றில் இப்படிப்பட்ட பெட்டிகள் 11,000-க்கும் மேல் கிடந்தன. பெரும்பாலானவை ஆய்வகத்துக்கே போகாதவை. சில 1980-களில் எடுத்தவை. அத்தனை பெண்கள் பரிசோதனைக் கட்டிலில் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்திருக்கிறார்கள். என்னால் இதை ஆறிப்போன மனசோடு எழுத முடியவில்லை.

டெட்ராய்ட் நகரம் அடங்கிய வேன் மாவட்ட அரசு வழக்கறிஞர் கிம் வொர்தி, எல்லாவற்றையும் சோதித்தே ஆக வேண்டும் என்று நின்றார். அந்த நகரமோ 2013-இல் திவாலானது. சோதனைச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டி வந்தது.

பெட்டிகளை ஏன் அனுப்பவில்லை என்றால், பணமில்லை, ஆளில்லை என்றது போலீஸ். அது பொய்யில்லை. ஆனால் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெபெக்கா கேம்ப்பெலின் குழு போலீஸ் கோப்புகளை ஆராய்ந்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. வந்தவள் பதின்வயதுப் பெண் என்றால் பொய் சொல்கிறாள், இன்னும் சிலர் பாலியல் தொழில் செய்பவர்கள் என்று விசாரிக்கும் முன்பே முடிவுகட்டியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினப் பெண்கள். அவளை நம்பாதவருக்கு அவள் பெட்டி எதற்கு?

சோதித்த பிறகு, ஒருவருக்கு மேற்பட்ட பெண்களைத் தாக்கியதாகச் சந்தேகிக்கப்படுவோர் மட்டும் 800-க்கும் மேல் தெரியவந்தார்கள். பெட்டி அலமாரியில் இருந்த காலத்தில் ஆள் வெளியே திரிந்திருக்கிறான். முதல் பெட்டியை உடனே அனுப்பியிருந்தால் அடுத்தடுத்த பெண்களில் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்!

2014-இல் மிச்சிகன் சட்டம் கெடு வைத்தது. பெண் சம்மதித்தால் மருத்துவமனை 24 மணி நேரத்தில் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் 14 நாளில் வந்து வாங்கி, அடுத்த 14 நாளில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்துக்கு 90 நாள். பின்னாளில், தன் பெட்டி எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்ணே கணினியில் பார்க்கும் வசதியும் வந்தது.

நல்லதுதான். ஆனால் தாமதமாகும் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அவள் தலையில் விழக் கூடாது. கெடு தாண்டிய ஒவ்வொரு பெட்டிக்கும், அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய அதிகாரி ஏன் அனுப்பவில்லை என்று தன் பெயரோடு எழுதித் தர வேண்டும். அந்தப் பதில் மேலதிகாரியின் மேஜையோடு நில்லாமல் அந்தப் பெண்ணின் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.