வார்டில் எத்தனை ரிசர்வ் சைட்?

சேலம், நாமக்கல் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு 'ரிசர்வ் சைட்' என்ற சொல் புதிதல்ல. புரோக்கர் லேஅவுட் படத்தை விரித்தால் ஒரு மூலையில் பச்சை அடித்திருக்கும்; "இது பார்க்குங்க, பிள்ளைங்க விளையாடலாம்" என்று அதன்மேல் விரலை வைப்பார். வாங்குபவர் கொடுக்கும் விலையில் அந்தப் பச்சைக்கும் ஒரு பங்கு சேர்ந்தே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அதே மூலையில் சீமைக் கருவேல முள் மண்டியிருக்கும், இல்லையென்றால் கட்டட இடிபாடு கொட்டியிருக்கும், யாரோ ஒருவருடைய கார் ஷெட் முளைத்திருக்கும். ஒரு பூங்காவை இழந்துவிட்டோம் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அங்கே பூங்கா என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆக்கிரமிப்பாளர் வேலி போட வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த இடம் பதிவேட்டிலிருந்து நழுவியிருக்கும். அதனால் பூங்காக்களைக் காக்கும் வேலை மரம் நடுவதில் தொடங்குவதில்லை, பட்டியல் எழுதுவதில்தான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெறவும் ஆண்டுதோறும் சரிபார்க்கவும் குடிமக்கள் உட்காரும் ஒரு குழு வார்டுதோறும் இருந்தாக வேண்டும். சட்டம் ஏற்கெனவே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த நாற்காலியில் யாரும் போய் உட்காராததுதான் குறை.

முதலில் நிலத்துக்கான உரிமை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டிய மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியுள்ள நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்த தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைகளுக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட் அந்தத் தெருக்காரர்களின் பொதுவிடம். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளில்தான் ஓட்டை. அங்கே நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். பணம் அரசுக்கு வரும், நிழல் அந்தத் தெருவுக்கு வராது. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் வரம்புக்குக் கீழே நிறுத்தி அங்கீகாரம் கேட்கும் ஆசையும் இங்கிருந்துதான் பிறக்கிறது. அங்கீகாரமே இல்லாமல் விற்ற மனைப்பிரிவுகள் இன்னொரு ரகம். 2016 அக்டோபர் 20க்கு முன் போட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டியவர்களின் மனைக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. ஆனால் எல்லா மூலையையும் விற்று முடித்த இடத்தில் பூங்காவுக்கு நிலம் எங்கிருந்து வரும்?

எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்குப் போட்டால்தான் இதன் கனம் புரியும். மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டி, ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை எட்டு லட்சத்து 29 ஆயிரம். குறைந்தபட்சமான 10 சதுர மீட்டரை வைத்துப் பெருக்கினாலே சுமார் 2,050 ஏக்கர் வருகிறது. சேலத்தின் கன்னங்குறிச்சி மூக்கனேரியின் பரப்பு 58 ஏக்கர். அப்படிப்பட்ட ஏரிகள் முப்பத்தைந்தின் பரப்பு தேவை. அவ்வளவு நிலத்தை இனி எந்த அரசும் விலைக்கு வாங்கிச் சேர்க்கப் போவதில்லை. எனவே ஏற்கெனவே தானப் பத்திரத்தில் வந்து சேர்ந்த 10 சென்ட், 20 சென்ட் துண்டுகள்தான் ஊருக்கு மிஞ்சும் மூலதனம். ஒரு பெரிய மைதானம் பறிபோனால் போராட்டம் வரும், பத்திரிகையில் செய்தி வரும். நூறு ரிசர்வ் சைட் ஒவ்வொன்றாகப் போகும்போது சத்தமே வராது.

பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. அந்த அட்டவணையைச் சேர்த்தது 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம். மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று சொல்வதும் அதே திருத்தம்தான். தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் வந்து பேசலாம் என்பது பகுதி சபை. கவுன்சிலர் தலைமையில் பகுதிப் பிரதிநிதிகள் அமர்வது வார்டு குழு. அமெரிக்கச் சிற்றூர்களில் பூங்கா ஆலோசனைக் குழு என்ற பெயரில் குடிமக்கள் கூடி, எந்தத் திடலுக்கு விளக்கு, எந்த ஓடைக்கரையில் நடைபாதை என்று நகர மன்றத்துக்குச் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு நிகரான நாற்காலி இதுதான். இதற்குமுன் வந்த இன்னொரு நாற்காலியையும் நினைவுபடுத்த வேண்டும். 2016 செப்டம்பரில் சீர்மிகு நகரத் திட்டத்துக்குச் சேலம் தேர்வானது. நகர அளவில் ஓர் ஆலோசனை மன்றம் இருக்க வேண்டும், அதில் ஆட்சியர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயரோடு குடியிருப்போர் சங்கம், வரி செலுத்துவோர் சங்கம் போன்றவற்றின் ஆட்களும் இடம்பெற வேண்டும் என்பது அத்திட்டத்தின் வழிகாட்டி நெறி. அதைக் கூட்டும் பொறுப்பு யாருக்குத் தெரியுமா? திட்டத்தை நிறைவேற்றும் நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கே. யாருக்கு யோசனை சொல்ல வேண்டுமோ அவர் மனம் வைத்தால்தான் யோசனை சொல்பவர்கள் கூட முடியும். 2025 மார்ச்சோடு திட்டமே முடிந்துவிட்டது. ஏரிக்கரையும் பேருந்து நிலையமும் மிஞ்சின. அவற்றைப் பற்றி ஊரார் பேச ஓர் அவை மிஞ்சவில்லை.

வார்டு குழுவுக்கும் அந்தக் கோளாறு ஓரளவு உண்டு. பகுதிப் பிரதிநிதிகள் நியமிக்கப்படுகிறார்கள், மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சிக்காரர்களே நிரம்பினால் குழு கவுன்சிலரின் எதிரொலியாகிவிடும் என்ற சந்தேகம் நியாயமானது. வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு நம் சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு, அதுவும் அவர்களுக்குள் தேர்தல் நடத்தி, என்று எழுதியே வைத்துவிட்டது. தள்ளுவண்டிக்காரருக்குக் கொடுத்த உரிமையைப் பூங்காவில் நடப்பவருக்கும் கொடுக்கலாமே. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம் 1883இலிருந்தே பூங்காக்களுக்கென்று தனி வாரியத்தை நடத்தி, அதன் உறுப்பினர்களை மக்கள் வாக்கில் தேர்ந்தெடுக்கிறது. அவ்வளவு தூரம் நாம் உடனே போக வேண்டியதில்லை. ஆனால் தேர்தல் இல்லை என்பதற்காக இருக்கும் சபையை ஒதுக்குவது, மேலே ஏற ஏணி கோணலாக இருக்கிறது என்று கீழேயே நின்றுவிடுவதைப் போல. பகுதி சபையில் பேசுவதற்கு எந்த நியமனமும் தேவையில்லை. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

"ஆலோசனை சொல்லும் சபைக்கு அதிகாரம் ஏது? பேசிவிட்டு டீ குடித்துவிட்டு வரவேண்டியதுதான்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இதில் பாதி உண்மை. பகுதி சபை சொன்னதை மாமன்றம் நிறைவேற்றியே தீர வேண்டும் என்று இல்லை. ஆனால் கூட்டத்தில் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறினால், 'எங்களுக்குத் தெரியாது' என்று அதிகாரி பிறகு சொல்ல முடியாது. நீதிமன்றம் போகும் நாளில் அந்தக் குறிப்பு சாட்சியாகிறது. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம், முதலமைச்சரின் உத்தரவின் பேரில் மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குப் போனது. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தான், ஆனால் அது பூங்காவுக்கு ஈடாகாது. பூங்காவைக் காக்கக் கேட்கும் உரிமை அங்கே குடியிருப்பவர்களுக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். தன் சொந்த நிலம் போகவில்லை என்பதற்காக ஒருவர் வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை என்ற வாசல் அப்போதே திறந்துவிட்டது.

இன்னும் வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அங்கன்வாடிக்கு இடம் இல்லை, மேல்நிலைத் தொட்டிக்கு இடம் இல்லை, ரேஷன் கடை வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. சும்மா கிடக்கும் ரிசர்வ் சைட்டில் கட்டினால் என்ன, அதுவும் பொது நன்மைதானே? கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே காரணம் அதற்கு விலை கொடுக்க வேண்டாம் என்பதுதான். தனியார் நிலம் எடுத்தால் இழப்பீடு, வழக்கு, காலதாமதம். பூங்கா இடத்துக்கு இவை எதுவும் இல்லை. ஊர் முழுதும் ஏற்க வேண்டிய செலவை அந்த ஒரு தெருவின் பிள்ளைகள் தலையில் கட்டுகிறோம். விதி ஒதுக்கியது சமூகப் பொழுதுபோக்குக்கு. உண்மையிலேயே வேறு வழி இல்லையென்றால் அதையும் பகுதி சபையில் வைத்துப் பேசட்டும்: எத்தனை சென்ட் போகிறது, ஈடாக எங்கே இடம் தருகிறீர்கள் என்று. கோயில் விஷயத்தில் தயக்கம் இன்னும் கூடுதல், ஏனென்றால் பெரும்பாலும் கட்டுவது நாமேதான். பொதுச் சாலையிலும் பூங்காவிலும் எந்த மதத்தின் பெயராலும் புதிதாக அனுமதியற்ற கட்டுமானம் கூடாது என்று 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வழிகாட்டும் பிள்ளையாரை வேலிக் கம்பமாக்குவது அவருக்கும் மரியாதை இல்லை.

"மக்கள் வரமாட்டார்கள்" என்ற சலிப்புக்கு மூக்கனேரியே பதில். 2010இல் சேலம் மக்கள் குழு என்ற குடிமக்கள் அமைப்பு அந்த ஏரியில் இறங்கித் தூர் வாரியது. வாரிய மண்ணைத் திட்டுத் திட்டாகக் குவித்து, ஆயிரக்கணக்கில் மரக்கன்று நட்டது. சேர்வராயன் மலைச் சரிவிலிருந்து இறங்கிய மழைநீர் நிறைந்து, திட்டுகளில் பறவைகள் தங்கின. உழைக்க ஆள் இல்லாத ஊர் அல்ல இது. ஆனால் தன்னார்வலர் சோர்ந்தாலோ நிர்வாகத்தோடு மனத்தாங்கல் வந்தாலோ அந்த வேலையைத் தொடர ஒரு நிலையான அவை வேண்டும். சேர்வராயனில் தொடங்கிச் சேலத்தைக் கிழித்துக்கொண்டு போய், நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் விழும் திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு கரையும் நிழல் நடைபாதையாக இருந்திருக்கலாம். சாக்கடையும் சாயக்கழிவும்தான் ஓடின. ஆறு எத்தனை வார்டைத் தொட்டாலும் எந்த வார்டும் அதைத் தன் பட்டியலில் எழுதிக்கொள்வதில்லை.

நாமக்கல்லுக்கு இது இன்னும் அவசரம். 2024 ஆகஸ்டில் அது மாநகராட்சி ஆனது. நகரம் இப்படி விரிந்து ஓர் ஊராட்சியை விழுங்கும்போது அந்த ஊருக்குக் கிராமசபை இல்லாமல் போகிறது. அதுவரை குடியரசு தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் கூடி மந்தைவெளியைப் பற்றியும் களத்துமேட்டைப் பற்றியும் தீர்மானம் போட்ட ஊருக்கு, மறுநாள் முதல் பேச இடம் பகுதி சபைதான். மேய்க்கால் புறம்போக்கு மனை விலையில் மதிப்பிடப்படும் காலமும் அதுவே. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. மீட்பதற்கு அந்த நிலத்தின் சர்வே எண் யார் கையிலாவது இருக்க வேண்டும்.

அந்த எண்ணைப் பெறும் வழி எளிது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம்: எங்கள் வார்டில் பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி என்று ஒப்படைக்கப்பட்ட இடங்கள் எவை, ஒவ்வொன்றின் சர்வே எண், பரப்பு, தானப் பத்திர எண், பட்டா யார் பெயரில், இப்போது என்ன பயன்பாட்டில் இருக்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். லேஅவுட் படத்தின் நகலை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்கலாம், வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். தானப் பத்திரம் பதிவாகியும் பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் மாற்றச் சொல்ல வேண்டும். பிறகு அந்தத் தாள்களோடு பகுதி சபைக்குப் போய், படித்துக் காட்டி, குறிப்பில் ஏற்றச் சொல்லிக் கையெழுத்தோடு நகல் வாங்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1100 எண்ணில் முதல்வரின் முகவரி, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம் இருக்கின்றன. முறைகேடு தெரிந்தால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் போகலாம். கடைசியாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை. வழக்கறிஞர் செலவுக்குப் பயப்படும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதினால் போதும். மனுவோடு இணைக்க வேண்டிய முதல் தாள், அந்த மூலையில் பச்சை அடித்த லேஅவுட் படம்.