விறகு மிஞ்சினால் கருப்பட்டி பிழைக்கும்

சாயல்குடியிலிருந்து கன்னிராஜபுரம் போகும் வழியில், பனங்காட்டுக்குள் ஒரு விடிலி, பதனீர் காய்ச்சும் குடிசை. காலைப் பதனீர் முழுக்கத் தாச்சியில் இறங்கிவிட்டது. அடுப்பு வாயில் காவோலை சடசடக்கிறது. உள்ளே வேலிக்கருவை விறகு. அடுப்படியில் நிற்கும் அக்காவின் ஒரு கை மட்டையை உள்ளே தள்ள, மறு கை துடுப்பால் துழாவுகிறது. நுரை பொங்கி விளிம்பைத் தொட்டதும் நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கிள்ளிப் போடுகிறார். பொங்கியது அப்படியே அடங்குகிறது.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதனீர் வேண்டும். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதை ஆவியாக்கத்தான் இவ்வளவு பாடும். சூடு சிந்தாத அடுப்பு ஒன்று இருந்தால், கணக்குப்படி ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு போதும். திறந்த அடுப்பிலோ, எரிகிற சூட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் தாச்சிக்குச் சேர்கிறது. அதனால் 8 கிலோ, 10 கிலோ என்று தின்றுவிடுகிறது. வைகாசிக்குமேல் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தீநாக்கு தாச்சிக்கு அடியில் நிற்பதே இல்லை.

இந்த விடிலியில் காற்று வரும் பக்கம் இடுப்பளவு மண்சுவர் வைத்திருக்கிறார்கள். தாச்சிக்கும் அடுப்பு விளிம்புக்கும் இடையே விரல் நுழையாதபடி களிமண் பூசியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது கொடியடுப்பு. நம் பாட்டிமார் சோறு பொங்கும்போதே பக்கத்தில் குழம்பைச் சுடவைத்தார்களே, அதேதான். வெளியே போகிற சூட்டில் அடுத்த ஈடு பதனீர் காய்ந்துகொண்டிருக்கிறது. விறகு போன வருசமே வெட்டிக் காயப்போட்டது. பச்சை விறகென்றால் முதலில் தன் ஈரத்தை ஆற்றவே சூட்டில் ஒரு பங்கைக் குடித்துவிடும்.

தண்ணீரிலும் இதே கணக்குத்தான். நல்ல தண்ணீர் தள்ளுவண்டியில் குடம் குடமாக வந்து சேர்கிற ஊர் இது. கலயத்தைக் கடைசியாக அலசிய தண்ணீர் மறுநாள் முதல் அலசலுக்கு. தாச்சியை ஊறவைத்த இனிப்புத் தண்ணீர் ஆடுகளுக்கு.

எரிவாயுவுக்கு மாறிவிடலாமே என்பவர்களும் உண்டு. பனங்காட்டின் நடுவே சிலிண்டர் கட்டுப்படியாகாது.

என் கவலை வேறு. விறகு மிச்சம் பிடிக்க இன்னொரு குறுக்குவழி இருக்கிறது: சீனி. கொஞ்சம் பதனீரில் சீனியைக் கொட்டிக் கிண்டினால், ஆவியாக்க வேண்டிய தண்ணீரே குறைந்துபோகிறது. "சீனி போட்டா அரை விறகுல வேலை முடிஞ்சிரும் தம்பி. எடையும் நிக்கும். வாங்குறவுகளுக்கு என்ன தெரியப்போவுது?" என்று கேட்ட அக்கா, சற்று நேரம் கழித்து, "எங்க வீட்டுப் புள்ளைகளும் இதத்தான திங்குது" என்றார்.

கலப்படத்தைப் பேராசை என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்தால் அது விறகுச் செலவாகவும் தெரிகிறது. நேர்மையாகக் காய்ச்சுகிறவர் எரிக்கிற ஒவ்வொரு சுமை விறகும், சீனி கலக்கிறவருக்கு லாபமாகப் போய்ச் சேர்கிறது. சந்தையில் இரண்டும் ஒரே கறுப்பு. தமிழக அரசின் 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தார்கள், வரவேற்கிறேன். ஆனால் அந்த விதை பாளை விட ஏறக்குறைய பதினைந்து ஆண்டு ஆகும். அதுவரை பனையேறி தாங்க வேண்டுமென்றால் நல்ல அடுப்பு இந்தப் பருவத்திலேயே வேண்டும். நல்லதாக அடுப்புக் கட்டத் தெரிந்த ஒருவரை ஊர் ஊராக அனுப்பினாலே பாதி வேலை ஆயிற்று.

பாகு பதத்துக்கு வந்துவிட்டது. அக்கா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார். தாச்சியை இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றி முடித்து, கொடியடுப்புப் பதனீரைத் தாச்சிக்கு மாற்றுகிறார். இரண்டு மட்டைதான் தள்ளினார், கொதி வந்துவிட்டது.