பேக்கரி படிப்பில் செஞ்சிப் பையன் கோட்டை விடுவது எங்கே?

செஞ்சி பஸ் நிலையம். விடியற்காலை மணி 5. டீக்கடை பாய்லர் இன்னும் சரியாகச் சூடேறவில்லை. அதற்குள் கண்ணாடி ஜாடிக்குள் பன்னும் பொறையும் வந்து உட்கார்ந்தாச்சு!

அந்த பன்னைச் சுட்டவன் ராத்திரி தூங்கவில்லை. பன்னைப் பிட்டு டீயில் நனைக்கிறவர் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்கவும் வேண்டாம்.

ஆனால் "பேக்கரி கோர்ஸ் சேரப் போறேன்" என்று கிளம்பும் பையன் நினைத்துப் பார்க்க வேண்டாமா? அவன் மனசில் ஓடுவது வேறு படம். வெள்ளைத் தொப்பி, மூணு அடுக்கு கேக், அதன் உச்சியில் கிரீமில் ரோஜாப்பூ! செல்போனில் பார்த்த வீடியோ அப்படி. வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாலு ஆட்டை விற்று அப்பா பீஸ் கட்டுகிறார். மூணே மாசத்தில் பையன் பெட்டியோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தால் அந்த ஆடு திரும்பி வருமா?

பையனுக்குக் கை வராமல் போவதில்லை. அவன் கோட்டை விடுவது சின்னச் சின்ன விஷயத்தில்.

நெல் ஊரில் மைதா!

செஞ்சி என்றால் நெல். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாய் நெல் குவியும். கோட்டைக்குள்ளேயும் ராஜா காலத்துத் தானியக் களஞ்சியம் இன்றைக்கும் கம்பீரமாய் நிற்கிறது. இந்த ஊர்க் கை அரிசி மாவு பிசைந்து பழகின கை.

அரிசி மாவை எத்தனை நேரம் பிசைந்தாலும் இழுபடாது. மைதா அப்படியில்லை. கோதுமையின் புரதம் தண்ணீர் பட்டதும் பிசையப் பிசைய வலை மாதிரி பின்னிக் கொள்ளும். அதற்குப் பெயர் குளூட்டன். ஈஸ்ட் விடுகிற காற்றை அந்த வலைதான் பிடித்து வைக்கிறது. பிரெட் உப்புவது அதனால்தான்.

அதே வலை கேக்குக்கு எமன்! பிரெட் மாவை அடித்துப் பிசைந்த வேகத்தில் கேக் மாவையும் கலக்கினால் கேக் ரப்பர் செருப்பு மாதிரி வரும். முதல் மாசம் பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்.

கண் திட்டம் கூடாது!

வீட்டில் அம்மா உப்பைக் கையால் அள்ளிப் போடுவார். ருசி தப்பாது. பேக்கரி வகுப்பில் அந்த வேலை எடுபடாது. அங்கே தராசுதான் மாஸ்டர்.

கணக்கு ரொம்பச் சுலபம். மைதா எத்தனையோ, அதை 100 என்று வைத்துக் கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு இத்தனை சதவீதம். 10 கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 60 சதவீதம் என்றால் 6 கிலோ. உப்பு 2 சதவீதம், அதாவது 200 கிராம். தண்ணீரைக்கூட லிட்டரில் அளக்காமல் எடை போட்டுத்தான் ஊற்ற வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு! அதற்கே மிரண்டு ஓடுகிறவன் உண்டு.

ஈஸ்ட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கட்டி ஈஸ்ட் 3 பங்கு போடும் இடத்தில் உலர்ந்த இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஏறக்குறைய 1 பங்கு போதும். பாக்கெட்டைப் பார்க்காமல் "எல்லாம் ஈஸ்ட்தானே" என்று கொட்டினால் மாவு பாத்திரம் தாண்டிப் பொங்கும்.

செஞ்சி வெயிலுக்கு ஐஸ்கட்டி!

புத்தகத்தில் இருப்பது குளிர் தேசத்துக் கணக்கு. செஞ்சியோ பாறை ஊர். பகலெல்லாம் சூடேறின பாறை ராத்திரியிலும் அனலடிக்கும்.

பிசைந்து முடித்த பிரெட் மாவு 26 டிகிரியில் இருப்பது நல்லது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் மைதாவின் சூட்டையும் அறையின் சூட்டையும் கழிக்க வேண்டும். மெஷின் பிசையும்போது ஏறுகிற சூட்டையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் தண்ணீரின் சூடு.

மைதா 33, அறை 35, மெஷின் 6 என்றால் தண்ணீர் 4 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாசம் மைதா 36, அறை 38 என்று வைத்துக் கொண்டால்? விடை பூஜ்யத்துக்கும் கீழே! அதனால்தான் தண்ணீரில் ஒரு பங்கை ஐஸ்கட்டியாக எடை போட்டுச் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் ஈஸ்ட் அவசரப்பட்டுப் புளித்து, பிரெட்டில் வாடை அடிக்கும்.

பப்ஸ் விஷயமும் இப்படித்தான். மாவுக்குள் கொழுப்பை வைத்து மூன்றாய் மடித்துத் தேய்ப்பதை 6 தடவை செய்தால் 729 அடுக்கு! கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஆனால் நடுநடுவே மாவைக் குளிர்பெட்டியில் வைக்கப் பொறுமை இல்லாதவன் கையில் கொழுப்பு உருகி, 729-ம் ஒன்றாகி விடும்.

துடைப்பமும் பாடம்தான்!

"டிரே கழுவவா நான் காசு கட்டினேன்?" இது வீட்டுக்குப் போன் போட்டுப் புலம்பும் பையன்கள் கேட்கிற கேள்வி. ஆமாம் தம்பி, அதற்கும் சேர்த்துத்தான். ஒட்டின பழைய மாவில் பூச்சி வரும், பூஞ்சை வரும். செய்முறைத் தேர்வில் கேக்கைப் பார்ப்பது போலவே மேஜையையும் பார்ப்பார்கள்.

மாஸ்டர் ஒரு தடவை சொன்னதை நோட்டில் எழுதாதவன் இரண்டாம் தடவை திட்டு வாங்குவான். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்குக் கிரீமிங், ப்ரூஃபிங், ஃபோல்டிங் என்ற வார்த்தைகள் மிரட்டும். பக்கத்தில் தமிழில் "வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கிற வரை அடிப்பது" என்று எழுதிக் கொண்டால் பயம் தெளிந்தது!

எழுதினால் மட்டும் போதாது. நாக்கும் வேலை செய்ய வேண்டும். தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்று வந்து 1880-ல் பேக்கரி தொடங்கினார். 1883-ல் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, சீமையிலிருந்து வந்த பிளம் கேக்கைக் காட்டி, "இது மாதிரி வேண்டும்" என்றாராம். பாப்பு அதை ருசி பார்த்தே வகையறா கண்டுபிடித்தாராம். கிறிஸ்துமசுக்கு முன்னால் கேக் தயார்! பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சரக்கு ஊற்றினார் என்றும் சொல்வார்கள்.

காசு கட்டும் முன்னே...

ஐ.டி.ஐ.யில் பேக்கரி பிரிவு ஓராண்டு. தேசிய ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் டிப்ளமா, தொழிற்பயிற்சியோடு சேர்த்து ஒன்றரை ஆண்டு. அதற்கு 12-ம் வகுப்பு தேற வேண்டும். சென்னை தரமணியில் மத்திய அரசு சார்ந்த கேட்டரிங் கல்லூரி 1963-லிருந்து நடக்கிறது. மூணு நாள் கேக் வகுப்பும் ஊருக்கு ஊர் நடக்கிறது. வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து விற்க நினைக்கும் பெண்களுக்கு அது ஒரு ஆரம்பம். வேலைக்கு அது சான்றிதழ் ஆகாது.

கலர் கலராய் நோட்டீசு ஒட்டி, "100 சதவீத வேலை" என்று ஆசை காட்டுகிற இடத்தில் உஷார்! சான்றிதழ் கொடுப்பது யார், அங்கீகாரம் உண்டா என்று கேட்டுப் பார்த்து, ரசீது வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். அடுப்பு எத்தனை, ஒரு அடுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் எட்டிப் பார்க்கலாம். நாற்பது பேர் ஒரு அடுப்பைச் சுற்றி நின்றால் முப்பது பேருக்கு வேடிக்கைதான் மிச்சம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பிரெட் உப்புவதற்குப் போட்டு வந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-ல் இந்தியாவில் தடை செய்து விட்டார்கள். எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது 2022-லிருந்து விதி. "எங்க பழைய மாஸ்டர் இப்படித்தான் போடுவார்" என்ற பேச்சு ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் செல்லாது.

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. ராஜகிரி ஏறி இறங்குகிற வெளியூர்க்காரருக்குப் பசிக்கும். டீயும் கேட்பார், சூடாக ஏதாவது கடிக்கவும் கேட்பார். படித்து முடித்தவன் ஊருக்கே திரும்பிக் கடை போடலாம்.

அதற்கு முன்னால் தொழிற்பயிற்சி மாசங்கள் இருக்கின்றன. ஊரே தூங்கும் நேரத்தில் பெரிய பேக்கரிக்குள் மாவு ஏறும். பல இடங்களில் ராத்திரி ஷிப்ட்தான். தராசு, தெர்மாமீட்டர், கடிகாரம் மூன்றையும் பார்த்துக்கொண்டு கண் விழிக்க வேண்டும். பிரெட்டின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். அப்புறம்தான் டிரே வெளியே வரும். அது ஆறுவதற்குள் வெட்டக் கூடாது. ஆறி, வெட்டி, பேப்பர் சுற்றி வண்டியில் ஏற்றும்போது மணி 4.