கைமாறி வந்த காற்றுத் துப்பாக்கி

நம் ஊர்த் திருவிழாக்களின் கடைத்தெருவில் பலூன் சுடும் கடை ஒன்று இல்லாமற் போவது அரிது. பலகையில் வரிசையாகக் கட்டிய வண்ணப் பலூன்கள், எத்தனையோ கைகள் பட்டுத் தேய்ந்த ஒரு துப்பாக்கி, சுற்றிலும் சிறுவர் கூட்டம். விவரமறிந்த இளைஞன் முதற் குண்டை வீணாக்கவே சுடுகிறான். அது எங்கே தைத்தது என்று உற்று நோக்குகிறான். துப்பாக்கி இடப்புறம் நான்கு விரற்கடை ஒதுக்குகிறது என்று கண்டுகொண்டபின், அதே அளவு வலப்புறம் தள்ளிக் குறிவைக்கிறான். பலூன் வெடிக்கிறது.

அந்த இளைஞன் அறிந்தோ அறியாமலோ கையாளும் உண்மைதான் இக்கட்டுரையின் பொருள். எப்போதும் ஒரே பக்கம் தவறும் துப்பாக்கியைத் திருத்திவிடலாம். ஒரு முறை இடமும் மறு முறை வலமுமாகத் தவறுவதே தொல்லை தருவது. பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்க எண்ணுவோர் முதலில் தேட வேண்டியது பளபளப்பையன்று, வேகத்தையுமன்று. ஒரே சீரான நடத்தையை.

இதைப் பற்றி இங்கு எழுதக் காரணம் உண்டு. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் காற்றுத் துப்பாக்கி சுடுதல் சேர்க்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் தனிநபராக இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அதுவே. நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் அதே பிரிவில் தங்கம் பெற்றார். இச்செய்திகளைப் படித்த பிள்ளைகள், "எனக்கும் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று பெற்றோரைக் கேட்பது இயல்பே. ஆனால் சர்வதேசப் போட்டிக்குரிய வெளிநாட்டுத் துப்பாக்கியின் விலை இலட்சக்கணக்கில் நிற்கிறது. எளிய குடும்பத்தின் பார்வை பழையதொன்றின் மேல் விழுவது இதனாலேயே. அரும்பாடுபட்டுச் சேர்த்த பணமும், பிள்ளையின் நம்பிக்கையும், அதனினும் மேலாக அண்டை அயலாரின் கண்களும் இதில் அடங்கியிருப்பதால், விவரம் தெரிந்து வாங்குவதே முறை.

சட்டம் வகுத்த எல்லை

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்தையும், அதாவது 4.5 மில்லிமீட்டரையும், குண்டு வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலையும் மீறாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இவற்றில் ஒன்றை மீறினாலும் உரிமம் வேண்டும். எனவே 0.22 அங்குலக் குழலுள்ளதை மலிவு என்று வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துதல் கூடாது. பழைய விலைச்சீட்டு இருந்தால் கேட்டுப் பெறுக. இல்லையேல் விற்பவரிடம் கையொப்பமிட்ட எழுத்துச் சீட்டாவது பெறுக.

ஆற்றலை அறியும் கணக்கு எளிது. குண்டின் எடையில் பாதியை எடுத்து, வேகத்தால் இருமுறை பெருக்க வேண்டும். 0.53 கிராம் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சென்றால், அதன் ஆற்றல் ஏறக்குறைய 7.7 ஜூல். பத்து மீட்டர்ப் போட்டிக்கு இவ்வளவே போதும். "இது மிகுந்த வேகமுள்ளது" என்று விற்பவர் பெருமை பேசினால், அதைத் தகுதியாக அன்று, எச்சரிக்கையாகவே கொள்க.

உள்ளே நிகழ்வது என்ன?

நம் கைக்கெட்டும் விலையில் கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை ஸ்பிரிங் வகையைச் சேர்ந்தவை. குழலை மடக்கும்போது உள்ளிருக்கும் வலிய ஸ்பிரிங் அழுந்துகிறது. பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கிறது. விசையை இழுத்தவுடன் கொக்கி விலக, பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து காற்றை நசுக்குகிறது. நசுங்கிய காற்று சிறு துளை வழியே பாய்ந்து குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. பிஸ்டன் சென்று நிற்கும்போது முன்னோக்கித் துள்ளுகிறது. குண்டு குழலை விட்டு நீங்குவதற்குள் இந்த அதிர்வு தொடங்கிவிடுவதால், துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பவரைவிட மென்மையாக, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பிடிப்பவரே நன்றாகச் சுடுகிறார்.

வாங்குமுன் சோதித்தல்

முதலாவதாக, குழலில் குண்டு இல்லை என்று உறுதி செய்க. அடுத்து மரக்கட்டையைப் பார்வையிடுக. முன்புறத் திருகாணிகள் பதியும் இடத்திலும் கைப்பிடியின் மெல்லிய பகுதியிலும் விரிசல் தோன்றுவது வழக்கம். திருகாணிகளின் தலைகள் சிதைந்திருந்தால், பழகாத கை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது என்பது பொருள். கடற்கரையூர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மேலே படிந்த துருவைத் துடைத்து நீக்கலாம், குழி விழுந்த துருவை நீக்குதல் இயலாது.

குழலை மடக்கி, பின்புறத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கி உள்ளே பார்க்க வேண்டும். ஒளி வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக ஒரே மையத்தில் அமைந்திருந்தால் குழல் நேர். ஒரு பக்கம் ஒதுங்கினால் வளைவு. வாய்ப்புறத்து விளிம்பில் நசுங்கலோ கீறலோ இருத்தலாகாது. குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுவே. பின்னர்க் குழலை மூடி, பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். மடக்குமிடத்தில் ஆட்டம் இருந்தால், எத்துணைப் பயிற்சி பெற்றவனும் ஒரே இடத்தில் சுட இயலாது.

மடக்கும்போது "கரகர" என்ற உராய்வு உணரப்பட்டால் ஸ்பிரிங் வளைந்தோ ஒடிந்தோ இருக்கக்கூடும். ஒடிந்த ஸ்பிரிங்கும் சில காலம் சுடும். ஆதலால் சுடுகிறது என்பதொன்றையே சான்றாகக் கொள்ளற்க.

குண்டு தாங்கும் பெட்டியை நோக்கியபடி, குண்டிட்டு ஆயத்தமான துப்பாக்கியின் பின்கட்டையை, விசையைத் தொடாமல் உள்ளங்கையால் இரண்டொரு முறை தட்டிப் பார்க்க வேண்டும். தானே சுட்டுவிட்டால் கொக்கி தேய்ந்துவிட்டது. அத்தகையதை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்கலாகாது.

மெல்லிய காகிதத் துண்டொன்றைக் குழல் மூடும் பொருத்தின் மேல் வைத்துச் சுட்டால், காற்றுக் கசிவு தெரிந்துவிடும். காகிதம் பறந்தால் அங்குள்ள வளைய வாஷர் பழுது. இது சிறு செலவில் தீரும் குறையாதலால், விலை குறைத்துக் கேட்க இடம் தரும்.

ஸ்பிரிங் இல்லாமல், உருளையில் அடைத்த அழுத்தக் காற்றால் இயங்கும் போட்டித் துப்பாக்கிகளும் சில வேளை பழையனவாகக் கிடைக்கும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது உருளையில் பொறித்துள்ள தயாரிப்புத் தேதி. போட்டித் துப்பாக்கி செய்வோர் இவ்வுருளைகளுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு வரம்பு விதிக்கின்றனர். 200 பார் அழுத்தம் தாங்கும் கலம் காலங்கடந்ததாயின், துப்பாக்கியின் விலையோடு புதிய உருளையின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காகிதம் கூறும் தீர்ப்பு

கண்ணுக்கு நன்றாய்த் தோன்றிய துப்பாக்கியைக் காகிதத்தின் முன் நிறுத்த வேண்டும். பத்து மீட்டர் தொலைவில் குறிதாள் ஒன்றை வைத்து, மணல் மூட்டையின் மேல் கையை ஊன்றி, அக்கையின் மேல் துப்பாக்கியைத் தாங்கி, ஒரே புள்ளிக்குக் குறிவைத்து ஐந்து குண்டுகள் சுடுக. துப்பாக்கியைக் கடினமான பொருளின் மேல் நேராக வைத்தால் அது துள்ளிக் குறி தவறும். ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மறைக்க முடிந்தால், எளிய ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது நல்ல மதிப்பெண். அத்துளைகள் தாளின் மூலையில் இருந்தாலும் கவலையில்லை. பின்குறியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவரலாம். நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் நான்குமாக இருந்தால் மட்டுமே யோசிக்க வேண்டும்.

ஆயினும் உடனே துப்பாக்கியைக் குற்றம் கூறற்க. வேறு வகைக் குண்டால் மீண்டும் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரே துப்பாக்கி ஒரு வகைக் குண்டை விரும்பும், மற்றொன்றை வெறுக்கும். 4.5 மில்லிமீட்டர் என்று பெயரிட்ட குண்டுகளே 4.49, 4.50, 4.51 என்று தலையளவில் நூலிழை வேறுபடுவதுண்டு. தாளில் சுடுவதற்குத் தட்டைத் தலைக் குண்டே ஏற்றது. அது தாளை வட்டமாகக் கத்தரித்தாற்போல் துளைக்கும். பாவாடை போன்ற பின்விளிம்பு நசுங்கியவற்றை ஒதுக்கிவிடுக.

படிப்படியாகச் செம்மை செய்தல்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதே இங்கு விதி. ஒன்றைச் செய்து, ஐந்து குண்டுகள் சுட்டு, நோட்டில் குறித்துக்கொண்ட பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது.

முதல் வேலை திருகாணிகளை முடுக்குதல். ஸ்பிரிங்கின் அதிர்வால் அவை தளர்வது இயற்கை. திருகாணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துக. கைமாறி வந்த பல துப்பாக்கிகளின் "நோய்" இவ்வொரு செயலாலேயே தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, குழலைத் துடைத்தல். மெல்லிய துணித் துண்டை நூலில் கட்டி, பின்புறத்திலிருந்து வாய்ப்புறமாக இழுக்க வேண்டும். இரும்புத் தூரிகை வேண்டவே வேண்டாம். துடைத்தபின் சில குண்டுகள் சுட்ட பிறகே குழல் நிலைப்படும்.

மூன்றாவது, எண்ணெய். மடக்கும் அச்சில் ஒரு சொட்டு போதும். பிஸ்டன் ஓடும் அறைக்குள் எண்ணெய் ஊற்றுவது பெருந்தவறு. நசுங்கும் காற்றின் வெப்பத்தால் எண்ணெய் தீப்பற்றி, புகையும் வெடியோசையும் எழும், உறுப்புகள் சேதமுறும். தோல் வாஷர் உள்ள பழைய வகைகளுக்கு மட்டும், தோல் உலர்ந்திருந்தால் இரண்டொரு சொட்டு தேவைப்படும். பின்னர் அதை ஓர் இரவு அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, பொருத்திலுள்ள வளைய வாஷரை மாற்றுதல். ஐந்தாவது, குறிகளைச் சரிசெய்தல். துளை எந்தத் திசையில் நகர வேண்டுமோ அந்தத் திசையிலேயே பின்குறியை நகர்த்துக. இடப்புறம் தைத்தால் பின்குறி வலப்புறம் செல்ல வேண்டும். தாழத் தைத்தால் உயர வேண்டும்.

இவற்றுக்கு மேற்பட்டதை வீட்டில் செய்யற்க. உள்ளே அழுத்தப்பட்டுக் கிடக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றத் தனிக் கருவி உண்டு. அஃதின்றித் திறந்தால் அது முகத்திலறையும். விசையை மென்மையாக்குவதாக எண்ணிக் கொக்கியை அரத்தால் தேய்ப்பவர், தொடாமலே சுடும் துப்பாக்கியைப் படைத்தவராவார். வலிய ஸ்பிரிங் இடுவதும் வீண். அது உதைப்பைப் பெருக்குமேயன்றிக் குறியைக் கூர்மையாக்காது, சட்ட எல்லையைத் தாண்டவும் செய்யலாம்.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

குழல் மடங்கியிருக்கையில் விசை தற்செயலாக விடுபட்டால் குழல் மின்னலெனத் திரும்பி விரலைத் துண்டிக்கும். ஆதலால் குண்டிடும்போது ஒரு கை குழலை உறுதியாகப் பற்றியிருக்க வேண்டும். குண்டின்றி வெறுமனே சுடுதலும், மடக்கிய நிலையில் நெடுநேரம் விட்டுவைத்தலும் கூடாது. முன்னது பிஸ்டனை மோதவிட்டுச் சிதைக்கும். பின்னது ஸ்பிரிங்கைச் சோர்வடையச் செய்யும்.

குண்டு தாங்கப் பழைய துணிகளை இறுகத் திணித்த கனமான பெட்டி நன்று. அதன் பின்னே சுவர் இருக்கட்டும், வழி இருக்கலாகாது. சுடுபவரும் அருகிலிருப்பவரும் கண்ணாடி அணிக. ஈயம் நஞ்சாதலால், சுட்டபின் கைகழுவாமல் உணவைத் தொடற்க. துப்பாக்கியும் குண்டும் வெவ்வேறு பூட்டுகளுக்குள் இருக்கட்டும். சாவி பெற்றோரிடம் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் உடனிருந்தே பிள்ளை சுட வேண்டும்.

குருவியையும் அணிலையும் நோக்கித் துப்பாக்கியைத் திருப்பும் கை இவ்விளையாட்டுக்கு ஏற்றதன்று. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தண்டனை விதிக்கும் என்பது ஒருபுறமிருக்க, ஓர் உயிர் துடித்து வீழ்வதில் பிள்ளை மகிழக் கற்றுக்கொள்வதே பெரிய இழப்பு. காகிதத்தின் நடுவிலுள்ள பத்தாம் எண் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. திறமையைக் காட்ட விரும்புவோர்க்கு அதனினும் கடினமான இலக்கு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

அப்புள்ளியை முதன்முதலில் தொட விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. நேரான குழல், ஆட்டமற்ற பொருத்து, நம்பத்தக்க விசை இம்மூன்றும் அமைந்த பழைய துப்பாக்கியும், ஒரு நோட்டும், பொறுமையும் இருந்தால் ஓராண்டுப் பயிற்சிக்குப் போதுமானது. அதற்குள் பிள்ளையின் ஆர்வம் நிலையானதா, வந்து போகும் ஆசையா என்பதைப் பெற்றோரும் அறிந்துகொள்வர். நிலையானதென்று கண்டபின் மன்றத்தில் சேர்ப்பதும், பயிற்சியாளரை நாடுவதும், மேலான கருவிக்குப் பணம் சேர்ப்பதும் வீண் செலவாகா.