சிலிக்கனுக்குப் பதில் வால்வா?

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். ரேடியோவும் ஒலிபெருக்கியும் கேட்பதோ நேர்திசை மின்னோட்டம். ஒரு திசையில் மட்டும் வழிவிடும் காவற்காரனாக இடையில் நிற்பதுதான் மின்திருத்தி. இன்று அவ்வேலையைச் செய்வது மிளகளவுள்ள சிலிக்கன் டையோடு; விலை சில ரூபாய்தான். அதை நீக்கிவிட்டு, விரல் நீளக் கண்ணாடி வால்வைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மின் கிதார் வாசிப்பவர்கள் குறிப்பாக. வெறும் பழமைப் பித்து என்று தள்ளிவிட முடியாது.

ஃபிளெமிங் 1904-இல் அமைத்த இருமுனைய வால்வை நினைத்துப் பாருங்கள். சூடான எதிர்மின்வாய் எலக்ட்ரான்களை உமிழ்கிறது. நேர்மின்வாய் அவற்றை இழுக்கிறது. ஆனால் வெளிவந்த எலக்ட்ரான்கள் வாசலிலேயே மேகம்போல் கூடி, பின்னால் வருபவற்றை விலக்குகின்றன. தேர்த்திருவிழாவில் கோயில் வாசலை அடைத்து நிற்கும் கூட்டம் போலத்தான். அந்த நெரிசலைக் கடக்க மின்னழுத்தம் செலவாகிறது. ஜி.இஸட்.34 என்ற வால்வில் 0.225 ஆம்பியர் செல்லும்போது இழப்பு சுமார் 17 வோல்ட். 5ஒய்3 வால்விலோ 0.125 ஆம்பியருக்கே சுமார் 60 வோல்ட்! சிலிக்கனில் ஏறக்குறைய 1 வோல்ட்தான். மின்னோட்டம் பெருகினாலும் அது சிறிதே கூடும்.

இந்த இழப்பைத்தான் கிதார்க்காரர் விரும்புகிறார். தந்தியை ஓங்கி மீட்டினால் வெளியீட்டு வால்வுகள் அதிக மின்னோட்டம் கேட்கும். மின்திருத்தியில் இழப்பு கூடும். அவற்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் இறங்கும். ஆகவே அடி சற்று அமுங்கி ஒலிக்கும். சுரம் தேயத் தேய மின்னழுத்தம் மீள்வதால் நாதம் நீடிப்பதுபோல் தோன்றும். இரண்டு வகைத் திருத்திகளையும் வைத்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ளச் சுவிட்சும் கொடுத்த பெருக்கிகள் 1990-களில் அமெரிக்காவில் பெயர் பெற்றன.

எல்லாப் பெருக்கியிலும் இது நடக்காது. 'ஏ' வகுப்புப் பெருக்கி எடுக்கும் மின்னோட்டம் அதிகம் மாறாது. அங்கே வால்வைப் போட்டு என்ன பயன்? டிரான்சிஸ்டர் பெருக்கிகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அவை கேட்கும் பல ஆம்பியரை இவ்வால்வுகளால் தர இயலாது.

மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. ஜி.இஸட்.34-ஐச் சூடேற்ற 5 வோல்ட்டில் 1.9 ஆம்பியர், அதாவது 9.5 வாட் வேண்டும். அதற்கென மின்மாற்றியில் தனிச் சுற்று இருக்கவேண்டும். அடுத்து வரும் மின்தேக்கி 60 மைக்ரோஃபாரடை மீறக்கூடாது. சிலிக்கனுக்கென அமைத்த சுற்றுகளில் அதைவிடப் பெரியதும் இருக்கும். அந்த வெற்று மின்தேக்கி நிரம்பும் வேகத்தில் வால்வினுள் பொறி பறக்கலாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டு மின்மாற்றியும் கருகலாம். இன்னொன்று: மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். அது உயிரைக் குடிக்கும். கைதேர்ந்தவர் உடனில்லாமல் வால்வுப் பெருக்கியின் மூடியைத் திறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், சிலிக்கனை அப்படியே விட்டு, அதன்பின் தகுந்த வாட் அளவுள்ள 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைக்கச் சொல்வேன். மின்னோட்டம் 0.1 ஆம்பியர் கூடினால் எத்தனை வோல்ட் இறங்கும் என்பதை ஓம் விதியே உங்களுக்குச் சொல்லிவிடும். வால்வைச் சூடேற்றும் 9.5 வாட்டும் மிச்சம்.